ஏற்காடு சரிவில் இன்ஃபினிட்டி பூல்: பழைய தடுப்புச் சுவர் மேலேயே கட்டலாமா?

சேலத்து வாசகர் ஒருவர், பெயர் வேண்டாம் என்று சொல்லி, நான்கு பக்கக் கடிதமும் ஆறு புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஆறு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறார். வராந்தாவுக்கு முன்னால் புல்தரை, அதன் கடைசியில் ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய ஒன்பதடி கருங்கல் தடுப்புச் சுவர், அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கு. அந்தச் சுவரின் மேல் விளிம்பு வருகிற மாதிரி 10 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலத்தில் ஓர் இன்ஃபினிட்டி பூல், அதாவது ஒரு பக்க விளிம்பில் தண்ணீர் வழிந்து அதற்கு அப்பால் எதுவுமே இல்லாததுபோலத் தோன்றும் நீச்சல் குளம், கட்ட ஆசை. கான்ட்ராக்டர் 28 லட்சம் கேட்கிறார், அடுத்த மே சீசனுக்குள் முடித்துத் தருவேன் என்கிறார். வழிகிற தண்ணீரைப் பிடிக்க ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு கால்வாய் போதுமாம், சொந்தப் பட்டா நிலம் என்பதால் அனுமதி எதுவும் வேண்டாமாம். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. ஏப்ரல் மாதம் குளிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிறோம், இதில் நீச்சல் குளமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு வரி: "சுவரில் போன மழைக்கு ஒரு சின்ன வெடிப்பு வந்தது, மேஸ்திரி சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்."

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அந்த வெடிப்புதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஐந்தாவது புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சு சுவரின் நடுவில் படுக்கைவாட்டாக ஓடுகிறது. ஒன்பதடிச் சுவர் முழுக்க நீர் வடியும் துளை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பின்னால் இருக்கும் கொட்டிய மண் மழையில் ஊறி, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளுகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. பூசி மூடியதால் தள்ளுவது நிற்காது, வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்கிற வாய்ப்புதான் போயிற்று.

அந்தச் சுவரின் மேல் இப்போது என்ன ஏற்றப் பார்க்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 58 டன்னுக்கு மேல். தரை, சுவர் கான்கிரீட் இன்னும் ஏறக்குறைய 55 டன். ஆக 110 டன்னுக்கும் கூடுதலான எடையை, ஒரு பக்கம் கொட்டிய மண்ணிலும் இன்னொரு பக்கம் வெட்டிய கெட்டி மண்ணிலுமாக வைக்கிறோம். கொட்டிய மண் இறங்கும், வெட்டிய மண் இறங்காது. பூல் நடுவில் முறியும், அல்லது முறியாமல் பள்ளத்தாக்குப் பக்கம் சாயும். சரி, கேள்விக்கு நேரடி பதில்: பழைய சுவரின் மேல் கட்டாதீர்கள். எந்த விலைக்கும், எந்த உத்தரவாதத்துக்கும் வேண்டாம்.

ஆனால் பூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நல்ல இன்ஃபினிட்டி பூல் கட்டலாம், அதற்கான வழியும் நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த விளிம்பு எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் உங்கள் கான்ட்ராக்டர் சொன்னதில் பாதி அதைப் புரிந்துகொள்ளாமல் சொன்னது.

விளிம்பு என்றால் மட்டம்

இன்ஃபினிட்டி பூலில் ஒரு பக்கச் சுவர் மட்டும் நீர்மட்டத்துக்குச் சற்றே தாழ்ந்திருக்கும். தண்ணீர் அதைத் தாண்டி மெல்லிய படலமாக வழிந்து கீழே ஒரு தொட்டியில் விழும், மோட்டார் அதை மறுபடி மேலே அனுப்பும். அவ்வளவுதான் விஷயம். அந்தப் படலத்தின் கனம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. உங்கள் 10 மீட்டர் விளிம்பில் 6 மில்லிமீட்டர் வழிய வேண்டுமானால் மணிக்குச் சுமார் 31,000 லிட்டர் ஓட வேண்டும். 3 மில்லிமீட்டர் போதும் என்றால் 11,000 லிட்டர், 10 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 66,000 லிட்டர். கனம் கொஞ்சம் கூடினாலும் ஓட்டம் எகிறுகிறது, கவனியுங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பின் ஒரு முனை மறுமுனையைவிட வெறும் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், தாழ்ந்த முனையில் 9, மேட்டு முனையில் 3 மில்லிமீட்டர் என்று வழியும். தாழ்ந்த முனையில் ஓடுவது மேட்டு முனையைப் போல ஐந்து மடங்கு. 12 மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் மேட்டு முனை காய்ந்தே போகும். சாதாரணக் கட்டடத்தின் அடித்தளம் 50 மில்லிமீட்டர் இறங்குவதைக்கூட நம் விதிகள் பொறுத்துக்கொள்கின்றன, இந்த விளிம்பு அரை சென்டிமீட்டரைக்கூடப் பொறுக்காது. நான் பார்த்த ஒரு மலை விடுதியில் கட்டி முடித்த இரண்டாவது மழைக்காலத்திலேயே கிழக்கு முனை காய்ந்தது. உரிமையாளர் பெரிய மோட்டார் வைத்தார். தண்ணீர் மேற்கு முனையில் அருவி மாதிரி கொட்டியது, கிழக்கில் டைல்ஸில் வெள்ளை உப்புக் கோடுதான் மிச்சம். மண்ணில் இருந்த கோளாறை மோட்டாரால் எப்படிச் சரிசெய்ய முடியும்?

சிங்கப்பூர் மரீனா பே சாண்ட்ஸ் 57வது மாடிக் குளத்தின் படத்தை நீங்களும் உதாரணமாக அனுப்பியிருந்தீர்கள். 2010இல் திறந்த, ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள அந்தக் குளம் மூன்று கோபுரங்களின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கோபுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும், காலப்போக்கில் இறங்கும். அதனால் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளுக்கு நடுவே அசைவு இணைப்புகள் வைத்தார்கள், அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகள் வைத்தார்கள், பிற்காலத்தில் மட்டத்தைத் திருத்திக்கொள்ள. அவ்வளவு செலவு செய்தவர்களே மட்டம் மாறும் என்று நினைத்துத்தான் கட்டினார்கள். உங்களிடம் ஜாக்கி இல்லை, ஆகவே அசையாத மண் வேண்டும்.

பள்ளத்தாக்கின் ஓரத்தில்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. உங்கள் கடிதம் முழுக்க இந்தத் தவறான எண்ணம்தான் ஓடுகிறது, பலருக்கும் இது உண்டு. விளிம்புக்கு அப்பால் எதுவுமே இல்லை என்று தோன்றுவது நிலத்தால் வருவதல்ல, பார்க்கிறவர் கண் எங்கே இருக்கிறது என்பதால் வருவது. இலங்கையில் தம்புள்ளை பக்கம் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கந்தலம ஹோட்டலைப் பாருங்கள். அங்கே குளத்தின் விளிம்பும் கீழே தொலைவில் இருக்கும் கந்தலம ஏரியும் ஒரே நீர்ப்பரப்பு போலத் தெரியும். நடுவில் நிலமும் மரங்களும் இருக்கத்தான் செய்கின்றன. கண்ணுக்குத் தட்டுப்படாத மாதிரி மட்டங்களை வைத்திருக்கிறார், அதுதான் வித்தை.

உங்கள் இடத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கண் நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1.1 மீட்டரில் இருக்கும். விளிம்பிலிருந்து 6 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். விளிம்பை உரசிப் போகும் அவர் பார்வைக் கோடு, விளிம்பைத் தாண்டி 5 மீட்டரில் நீர்மட்டத்துக்கு 0.9 மீட்டர் கீழே போயிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால் பூலை வீட்டுப் பக்கமாக 5 மீட்டர் தள்ளுங்கள், விளிம்புக்கும் பழைய சுவருக்கும் நடுவே இருக்கும் புல்தரையை நாலரை அடி வெட்டித் தாழ்த்துங்கள். நாற்காலியில் இருப்பவருக்கு அந்தக் கீழ்த்தளமே மறைந்துவிடும், தண்ணீருக்குப் பின் நேராகப் பள்ளத்தாக்குதான். தண்ணீரில் நீந்துகிறவருக்குக் கண் இன்னும் தாழ்ந்திருப்பதால் இன்னும் நன்றாக மறையும்.

இதில் மூன்று லாபம். உங்கள் அளவுப்படி கொட்டிய மண் சுவரிலிருந்து 8 மீட்டர் வரைதான், உள்ளே வரவர மெலிந்துவிடுகிறது. 5 மீட்டரில் அது ஒரு மீட்டர் ஆழம்தான் இருக்கும். பூலின் அடித்தளம் அதற்கும் அரை மீட்டர் கீழே போவதால் முழுப் பூலும் பழைய கெட்டி மண்ணில் உட்காரும். இரண்டாவது, தாழ்த்தும்போது சுவருக்குப் பின்னால் இருக்கும் மண் பாரம் குறைகிறது, அந்த வெடிப்புச் சுவருக்கு இது மருந்து. மூன்றாவதாக, ஓரத்தில் உட்காரும் குழந்தை தவறி விழுந்தால் பள்ளத்தாக்கில் விழாது. கீழே பிடிக்கும் தொட்டியின் மட்டம் விளிம்பிலிருந்து மூன்றடிக்கு மேல் தாழாமல் பார்த்துக்கொண்டு, அதற்கு வெளியே கீழ்த்தளத்தில் தடுப்புக் கம்பி போடுங்கள். கம்பியின் தலை நீர்மட்டத்துக்கு ஓரடிக்குமேல் தாழ்ந்திருக்கும், படத்தில் விழாது. கம்பி போட்டால் காட்சி கெட்டுவிடும் என்ற உங்கள் கவலைக்கும் இதுவே பதில்.

ஒரு எச்சரிக்கை. ஏற்காட்டுச் செம்மண்ணுக்குள் பெரிய உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும். தோண்டும்போது கடப்பாரை டங்கென்று அடிக்கும், "பாறை தட்டிடுச்சு சார், கவலையே இல்ல" என்பார்கள். அது மலையோடு சேர்ந்த பாறையா, மண்ணில் மிதக்கிற குண்டா என்று கடப்பாரைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பூலின் ஒரு மூலை குண்டின் மேலும் மற்ற மூலைகள் மண்ணிலுமாக உட்கார்ந்தால் அதுவே சாய்வுக்குக் காரணம் ஆகும். குறைந்தது மூன்று இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். உங்கள் 28 லட்சப் பட்டியலில் டைல்ஸுக்கு எழுதியிருக்கிறது, விளக்குக்கு எழுதியிருக்கிறது, மண் பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்த ஒன்றரை அடிக் கால்வாய்

கால்வாயின் கொள்ளளவு ஏறக்குறைய 1,350 லிட்டர். அதில் என்னென்ன விழும் என்று பாருங்கள். மோட்டார் நின்றதும் விளிம்புக்கு மேலே இருக்கும் படலம் முழுதும் வழிந்து வரும், அது 270 லிட்டர். பத்துப் பேர் இறங்கினால் ஆளுக்கு 70 லிட்டர் வீதம் 700 லிட்டர். பையன்கள் குதித்து ஆடினால் அலையில் இன்னும் ஆயிரம் லிட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் பூலில் மட்டும் விழுவது 4,500 லிட்டர். இதுபோக மோட்டார் காற்றை இழுக்காமல் ஓட அடியில் எப்போதும் ஓரடித் தண்ணீர் நிற்க வேண்டும். எனவே இதற்குப் பெயர் கால்வாய் அல்ல, பேலன்சிங் டேங்க், 6,000 லிட்டருக்குக் குறையாமல். பூலும் டேங்கும் ஒரே கான்கிரீட் பெட்டியாக இருக்கட்டும். மழைநீர் நிரம்பி வெளியேற ஒரு குழாய் வையுங்கள், அது கல் பாவிய வடிகால் வழியாக ஓடைக்குப் போக வேண்டும். சுவருக்குப் பின் இருக்கும் மண்ணில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

அப்புறம் கரண்ட். ஏற்காட்டில் காற்று மழை என்றால் கரண்ட் போகும். மோட்டார் நின்றால் பூலுக்குள் தண்ணீர் விடும் குழாய் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி டேங்குக்கு இறங்கும், அதைத் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். என் ஆரம்ப காலத்தில் நான் மேற்பார்வை பார்த்த ஒரு தளத்தில் அதைப் பொருத்தினார்களா என்று நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. அது என் தவறு. ராத்திரி கரண்ட் போனது, காலையில் போய்ப் பார்த்தால் பூலில் ஒன்றரை அடித் தண்ணீர் குறைந்திருந்தது, டேங்க் வழிந்து கீழ் வரிசைக் காப்பிச் செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து நான் எந்த பூலையும் ஒப்படைக்கும் முன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் டேங்க் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நீங்களும் கான்ட்ராக்டரிடம் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கட்டும்போது

நீர் தாங்கும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 3370 என்ற தனி விதி இருக்கிறது. எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கலவை, வெடிப்பைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு நெருக்கமான கம்பி, தரையும் சுவரும் சேரும் இணைப்பில் கசிவைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டை. வரைபடத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இருக்க வேண்டும், அவர் கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. மேட்டுப் பக்கத்திலிருந்து மழைக்காலத்தில் ஊறி வரும் தண்ணீர் பூலின் அடியில் தேங்கினால், சுத்தம் செய்யக் காலி பண்ணும் நாளில் அது தொட்டியையே மேலே தள்ளும். அதனால் மேட்டுப் பக்கம் ஜல்லி நிரப்பிய வடிகால் கட்டாயம்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பூலை நிரப்பி ஏழு நாள் விடுங்கள். படிக்கட்டில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, வாளிக்குள்ளும் வெளியேயும் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆவியாவது இரண்டிலும் ஒன்றுதான். வெளியே கூடுதலாக இறங்கினால் கசிவு.

விளிம்பை மட்டும் கடைசிவரை முடிக்காதீர்கள். கான்கிரீட்டை இரண்டு சென்டிமீட்டர் குறைத்து நிறுத்திவிட்டு, தண்ணீர் பாரம் ஏறி மண் அமர்ந்த பிறகு அந்தக் கடைசிப் பட்டையை ஒட்டச் சொல்லுங்கள். நல்ல கொத்தனார் ரசமட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு பூலில் நிற்கும் தண்ணீரையே மட்டமாக எடுத்துக்கொள்வார். காற்றில்லாத விடியற்காலையில், நீர்க்கோட்டிலிருந்து விளிம்புவரை ஒரு அளவுக்குச்சியை வைத்து அடிக்கு அடி நகர்ந்து பார்ப்பதை நான் மணிக்கணக்கில் ரசித்திருக்கிறேன். முழு நீளத்துக்கும் 2 மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கசிவுச் சோதனை, கரண்ட் அணைத்துப் பார்க்கும் சோதனை, இந்த மட்டச் சோதனை மூன்றும் முடிகிறவரை நல்ல ஒரு பங்கு பணத்தைக் கையில் நிறுத்தி வையுங்கள்.

நீல டைல்ஸ் கேட்டிருந்தீர்கள். கரும்பச்சையோ கறுப்போ போடுங்கள், வானமும் மலையும் அதில்தான் பிரதிபலிக்கும். இன்னொன்று, உங்கள் சில்வர் ஓக் மரங்கள். ஒரே ஒரு இலை விளிம்பில் ஒட்டினால் அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்த கோடு விழும். அதனால் தினமும் காலையில் விளிம்பைத் துடைக்கவும், டேங்கின் வடிகூடையைக் கழுவவும் ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் மனைவி சொல்வது

அவர் கேட்டது சரியான கேள்வி, நீங்கள்தான் பதில் சொல்லவில்லை. முதல் நிரப்பலுக்கு மட்டும் 65,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஐந்தாறு. பிறகு ஆவியாவதிலும் காற்றில் சிதறுவதிலும் கோடையில் தினமும் 200 முதல் 300 லிட்டராவது போகும், ஃபில்டர் கழுவுவது தனி. ஹோம்ஸ்டே கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்கும் தொட்டி கட்டாமல் பூல் கட்டாதீர்கள்.

குளிரும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சூடுபடுத்தாத தண்ணீரில் விருந்தினர்கள் காலை நனைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். இந்த அளவு தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 68 யூனிட் வெப்பம் வேண்டும். காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் ஏற்றும் நல்ல ஹீட் பம்ப் அதை ஏறக்குறைய 17 யூனிட் மின்சாரத்தில் செய்யும், எட்டு டிகிரி ஏற்றுவதென்றால் 136 யூனிட். விளிம்பில் மெல்லிசாக வழியும்போது சூடு பறந்துவிடும் என்பதால், ஆட்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளிம்பை ஓட விட்டு மற்ற நேரம் நீர்மட்டத்தை இறக்கி மூடி வையுங்கள். விளிம்பு மோட்டார் பத்து மணி நேரம் ஓடினாலே நாளுக்கு 15 யூனிட் ஆகும்.

இந்தச் செலவையெல்லாம் எழுதிப் பார்த்து, வருமானம் தாங்காது என்று தெரிந்தால், இதே விளிம்பை 5 மீட்டர் நீளத்துக்குக் குறைத்து, நீந்தாமல் உட்கார்ந்து பார்க்கிற சின்னத் தொட்டியாகக் கட்டலாம். தண்ணீர், மோட்டார், கான்கிரீட் எல்லாம் கணிசமாகக் குறையும், வராந்தாவிலிருந்து தெரிகிற காட்சி ஏறக்குறைய அதேதான். என்னைக் கேட்டால் ஆறு அறைக்கு இதுவே போதும். ஆனால் முடிவு நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டியது.

அனுமதி

பட்டா உங்கள் பெயரில் இருப்பது நிலத்துக்கான உரிமை மட்டும்தான். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது. சரிவை வெட்டிக் கட்டுவதற்குத் திட்ட அனுமதி வேண்டும், வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை போன்றவற்றின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். அது கிடைக்காமல் ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். வேலையைப் பாதியில் நிறுத்தச் சொன்னால், வெட்டிய சரிவு மழைக்காலம் முழுக்கத் திறந்து கிடக்கும். அந்த ஆபத்து அபராதத்தைவிடப் பெரியது. அடுத்த மே என்பதை மறந்துவிடுங்கள். இந்த மழையில் மண் பரிசோதனையும் வரைபடமும், பிறகு விண்ணப்பம், அனுமதி வந்தபின் வரும் ஜனவரியில் மண் வேலை என்று போனால், அடுத்த மே போய் அதற்கடுத்த ஆண்டு மே சீசன் சாத்தியம்.

அதுவரை ஒரு வேலை இருக்கிறது, நாளைக்கே செய்யுங்கள். சுவரில் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வெடிப்புக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சாதா கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள், பக்கத்தில் தேதியை எழுதுங்கள். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். மேஸ்திரியிடம் சொல்லி சுவரின் கீழ்ப்பாதியில் ஐந்தடிக்கு ஒன்றாக நீர் வடியும் துளைகள் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் மூன்று கண்ணாடியையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நடுவில் ஒன்று உடைந்தாலும் காத்திருக்க வேண்டாம். சுவருக்குக் கீழே தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை அந்தப் பக்கம் போகவிடாமல் நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஓர் இன்ஜினியரை அழைத்து வந்து சுவரைக் காட்டுங்கள்.